கை காட்டியவள்

ஏற்கெனவே கொத்தி முடித்த பாத்தியைப் புகழேந்தி மறுபடியும் கொத்திக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்த மண்ணு உங்கள என்ன செஞ்சுது? வந்து நாத்தப் பிரிச்சுக் குடுங்க" என்றாள் ரெங்கம்மாள்.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தான். உட்காரவில்லை. குனிந்து நின்றபடியே கத்தரி நாற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அவளிடம் நீட்டினான்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் சாலையை ஒட்டிய தெரு அது. கஜா புயலில் இருபத்திரண்டு வீடுகள் விழுந்தன. எட்டுக் குடும்பங்கள் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டு, திரும்பவே இல்லை. அந்த எட்டு மனைகளையும் சேர்த்துத் தெருக்காரர்கள் காய்கறித் தோட்டம் போட்டிருந்தார்கள். ஞாயிறுதோறும் தஞ்சாவூரிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் உதவிக்கு வருவார்கள். நாற்பத்தெட்டு வயதுப் புகழேந்தியும் பாபநாசத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

இது ஒன்பதாவது ஞாயிறு.

டீ வந்தால் நின்றுகொண்டே குடிப்பான். பேச்சு புயலைப் பற்றித் திரும்பினால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடிபம்புக்குப் போய்விடுவான். உண்மையில் அவன் வந்ததே அந்தப் பேச்சைக் கேட்கத்தான்.

புயலன்று அவன் ஒரு வேனுக்கு ஆக்டிங் டிரைவர். பாபநாசத்துக் குடும்பம் ஒன்றை வேதாரண்யம் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தான். புயல் வருகிறது, கிளம்புங்கள் என்று எவ்வளவோ சொல்லியும் அவர்கள் புறப்படப் பொழுது சாய்ந்துவிட்டது. இந்தத் தெருவை நெருங்கும்போது காற்று வேனைப் பக்கவாட்டில் தள்ளியது. முன்விளக்கு வெளிச்சத்தில் ஒரு பெண் தெரிந்தாள். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வேனில் இடமில்லை. நிறுத்தாதே, போ போ என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். ஹாரனை அழுத்தியபடியே அவளைக் கடந்து போனான்.

இடமில்லைதான். ஆனாலும் ஒருத்தியை ஏற்றியிருக்கலாம்.

வருடங்கள் போனதில் அதை அவன் ஏறக்குறைய மறந்தும் விட்டான். போன ஐப்பசியில் அவன் ஓட்டிய காரில் ஏறிய ஒருவர், ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தவர், அந்தத் தெருவில் புயலன்று ஒரு பெண் செத்துப்போனாள் என்று சொன்னார். அன்றிலிருந்து புகழேந்திக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

எங்கே செத்தாள்? வீட்டிலா, ரோட்டிலா? இதைத்தான் கேட்க வேண்டும். எட்டு ஞாயிறும் கேட்காமலே ஊருக்குத் திரும்பினான்.

இப்போது வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"புயல்ல ஒரு அம்மா தவறிட்டாங்கன்னாங்களே... அவங்க ரோட்டுலயா இருந்தாங்க?"

ரெங்கம்மாள் நாற்றின் வேரைச் சுற்றி மண்ணை அணைத்து அழுத்தினாள்.

"தையநாயகியவா கேக்குறீங்க? அவ வீட்டுக்குள்ள தம்பி. செவுரு விழுந்துருச்சு. ரோட்டுல நின்னது நான்."

அவன் கையிலிருந்த நாற்று ஒடிந்தது.

உயிரோடு இருக்கிறாள். ஒன்பது வாரமாகப் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். காலில் விழுந்துவிடலாமா என்று நினைத்தான். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"பாலத்துக்கிட்ட கரண்டுக் கம்பி அறுந்து ரோட்டுக்குக் குறுக்க தொங்குச்சு. உசுரு இருக்கிற கம்பியா, செத்த கம்பியா, யாருக்குத் தெரியும்? எவனாச்சும் வந்து மாட்டிக்கப் போறானேன்னு ஓடியாந்து நின்னேன். ரெண்டு வண்டியத் திருப்பி அனுப்பிட்டேன். மூணாவது ஒரு வெள்ளை வேன். அவன் நிக்கல. நான் ஏறுறதுக்குக் கை காட்டுறேன்னு நெனச்சிட்டான் போல."

அடுத்த நாற்றுக்குக் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

"சன்னல்ல புள்ளைங்க முகம் தெரிஞ்சுது தம்பி. அதான். அதுங்க போய்ச் சேந்துச்சா, இல்ல அந்தக் கம்பியிலயே... மறுநாளு மரம் வெட்ட வந்தவங்க, லைன்மேனு, எல்லார்கிட்டயும் கேட்டுப் பாத்தேன். ஒருத்தருக்கும் தெரியல. ஏழு வருசம் ஆயிருச்சு. வெள்ளை வேனப் பாத்தா இன்னமும் உள்ள புள்ளைங்க இருக்கான்னு எட்டிப் பாக்குறேன்."

தெருவைத் தாண்டிய சற்று நேரத்தில் வேனின் கூரை மேல் ஏதோ நீளமாக உரசிக்கொண்டு போனது அவனுக்கு நினைவு வந்தது. என்ன சத்தம் என்று பின்னாலிருந்து கேட்டார்கள். தென்னை மட்டை என்று அவன்தான் சொன்னான். இத்தனை நாளும் அப்படித்தான் நம்பியிருந்தான்.

அதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கேயோ யாரோ மின்சாரத்தை நிறுத்தியிருக்க வேண்டும்.

ஈர மண்ணிலேயே உட்கார்ந்தான்.

"போய்ச் சேந்துட்டாங்கம்மா" என்றான். "யாருக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாரையும் வீட்டு வாசல்லயே எறக்கிவிட்டேன்."

ரெங்கம்மாள் நிமிர்ந்தாள். கண்ணைச் சுருக்கி அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டான்.

"எத்தன புள்ளைங்க?" என்று கேட்டாள்.

"நாலும்மா."

அவள் மண் ஒட்டிய விரல்களில் நாலை எண்ணி மடக்கினாள்.

"நான் ரெண்டத்தான் பாத்தேன்" என்றாள்.