மூன்றாம் தரம்

ஒரு பிடி பார்லியை அள்ளி மூக்கருகே கொண்டுபோனவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பூசணம்.

கிட்டங்கியில் தரம் பிரிப்பது அவன் வேலை. முளைக்கிற பார்லி பீர் கம்பெனிக்கு. முளைக்காதது மாட்டுத் தீவனத்துக்கு. இது இரண்டிலும் சேராதது. சினை மாடு தின்றால் குறைமாதத்தில் கன்று வீசிவிடும் என்று தீவனக்காரர் திருப்பி அனுப்பிய சரக்கு.

முதலாளி எதையும் வீணாக்க மாட்டார். தோலைத் தீட்டி வெள்ளையாக்கி, பாக்கெட்டில் அடைத்து, மேலே ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் படமும் போட்டுவிட்டார். குடிகாரனுக்கு முதல் தரம், மாட்டுக்கு நடுத்தரம், கால் வீங்கியவளுக்கு இது. என்ன நியாயமோ!

மளிகை மொத்த வியாபாரி ஒரு பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்தார்.

"லேசா வாடை அடிக்கே."

"சாக்கு வாடை அண்ணாச்சி. காய்ச்சினா போயிரும். இந்தாங்க, குடிச்சே பாருங்க" என்றார் முதலாளி. வாட்ச்மேன் அடுப்பில் கஞ்சி தயாராக இருந்தது.

அந்த நேரம் பார்த்து முருகலட்சுமி சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தாள். தரம் பிரிக்கிறவனின் மனைவி. ஏழு மாதம். செருப்பு வார் புறங்காலில் புதைந்திருந்தது.

பார்லிக் கஞ்சி குடித்தால் வீக்கம் வடியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு பிடி கொண்டுவரச் சொல்லி அவள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். நல்லதில் கைவைத்தால் வேலை போய்விடும். மற்றதைக் கொண்டுபோக அவனுக்கு மனசு வரவில்லை. கடையில் வாங்கவும் விடவில்லை.

காரணத்தையும் சொல்லவில்லை. தன்மேல் அக்கறை இல்லாதவன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

வியாபாரி அவள் வயிற்றைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"தரம் பாக்குறவன் நீதானப்பா. ஒம் பொண்டாட்டிக்கு இதைக் குடுப்பியா?"

மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

முதலாளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்த முகம்தான். எதிர்த்துப் பேசிய கணக்குப்பிள்ளையை அன்றைக்கே வெளியே அனுப்பியபோதும் அதே முகம்தான்.

பிரசவம் வருகிறது. வேலை போனால் என்ன செய்வது?

அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வாட்ச்மேனிடமிருந்து டம்ளரை வாங்கினான். கொதிக்கக் கொதிக்க இருந்தது. இன்னொரு டம்ளரில் ஊற்றி ஆற்றினான்.

ரொம்ப நேரம் ஆற்றினான்.

அவளிடம் நீட்டினான்.

நாலு பேர் பார்க்க இப்படிச் செய்கிறாரே என்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

வியாபாரி தலையாட்டிவிட்டு லாரியை உள்ளே விடச் சொன்னார்.

அவள் காலி டம்ளரை அவனிடம் நீட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் ஆத்திக் குடுங்க."