நிரந்தர முகவரி

"மூணு மாசத்துல மூணு விலாசம்! ஏம்மா, நீ குடும்பம் நடத்துறியா, ஊர்வலம் நடத்துறியா?"

பள்ளி அலுவலகத்திலிருந்து கிளார்க்கம்மாவின் குரல் வராந்தாவின் கோடி வரைக்கும் கேட்டது. பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் குண்டூசி.

மூன்றாம் வகுப்பு மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள் அம்மா.

"முதல்ல நாத்தனார் வீட்டு ஹால்ல இருந்தோம் மேடம். அப்புறம் ஃப்ரெண்டு வீட்டுல. இப்போ கூட வேலை பார்க்கிறவங்க மாடி ரூம். ஞாயித்துக்கிழமை காலி பண்ணணும்."

"வீடே இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லேன்."

"ஐயோ, ரோட்டுல படுக்கலை மேடம்! தினம் யார் வீட்டுலயாவதுதான் படுக்கிறோம். எங்க வீட்டுல மட்டும்தான் படுக்கலை."

குண்டூசி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வர்றார். நிரந்தர விலாசம் இல்லைன்னா பேரை அடிச்சிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். படிவத்தை வச்சிட்டு வெளியே போய் உட்காரு. குழந்தையை ஏன் நிக்க வச்சிருக்கே? கிளாசுக்கு அனுப்பு!"

இன்னும் எத்தனை நாளைக்கு அந்த கிளாஸ்? அலுவலக ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்த அம்மாவுக்குக் கண்ணீர் முட்டியது.

பெருக்கிக்கொண்டிருந்த ஆயா பக்கத்தில் வந்தாள்.

"அழாதே கண்ணு. அந்தம்மாவுக்கென்ன, தனிக்கட்டை. புள்ளையா குட்டியா? ஈரம் எங்கேருந்து வரும்?"

இன்ஸ்பெக்டர் வந்தார். உள்ளே பதிவேட்டின் பக்கங்கள் புரண்டன.

சத்தம் சட்டென்று நின்றது.

"என்னம்மா இது? பதினேழு, நூலகத் தெரு. இங்கேயும் பதினேழு, நூலகத் தெரு. ஒரே வீட்டுல ஒன்பது பிள்ளைங்களா?"

"ஆமா சார்."

"ஒன்பதாவது, மூணாங்கிளாஸ் பொண்ணு. மை கூட இன்னும் காயலையே!"

வெளியே பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டாள் அம்மா. ஆயாவின் கையில் துடைப்பம் அப்படியே நின்றது.

"யார் வீடும்மா அது?"

"என் வீடுதான் சார்," என்றார் குண்டூசி. "குடும்பம் கொஞ்சம் பெரிசு. கையெழுத்து இங்கே போடணும்."