பெயர் வெட்டாத டிபன் பாக்ஸ்

"பேர் வெட்டித்தான் ஆகோணுங்க" என்று சுமித்ரா பிடிவாதமாக நின்றாள்.

மலை அடிவாரத்தில் தாஹிரா பீவியின் பாத்திரக் கடை. மலைமேல் வளப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய தாய்மார்கள், தடுப்பு வைத்த டிபன் பாக்ஸ்களைப் புரட்டிக்கொண்டிருந்தனர். வாலிபால் பயிற்சி உள்ள நாட்களில் பிள்ளைகள் திடலிலேயே இரவுச் சாப்பாட்டை முடித்தாக வேண்டும். ஒரு பிள்ளை அடுக்குக் கேரியரும் மற்றொரு பிள்ளை நசுங்கிய தூக்குப்போசியும் கொண்டுவருவது கூடாது. அனைவருக்கும் ஒரே டப்பா என்பது பெற்றோர் குழுத் தலைவி அருணாவின் திட்டம்.

தடுப்பு மூன்று இருக்க வேண்டும். ஒன்றின் குழம்பு மற்றொன்றில் கலக்கக் கூடாது. அருணாவே தண்ணீர் ஊற்றி, கவிழ்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள்.

"பேர் எதுக்கு சுமித்ரா?" என்று கேட்டாள் அருணா.

"எம் பையன் யுவராஜுக்கு நெலக்கடலை ஆகாதுங்கக்கா. வாயில பட்டாலே தொண்டை அடைச்சுக்குது. வாலிபால் மாஸ்டர் எல்லா டப்பாவையும் ஒண்ணா அடுக்கி வெச்சுக் குடுக்கறாரு. மாறிப்போச்சுன்னா?"

"ரெண்டு நிமிஷ வேலைதானுங்க" என்றாள் தாஹிரா பீவி.

"நீங்க சும்மா இருங்க பாயம்மா. பேரைப் பார்த்தா யார் ஊட்டுப் புள்ளைன்னு தெரியும். அப்புறம் இவனோடது வேண்டாம், அவனோடது வேண்டாம்னு ஆரம்பிக்குங்க. அந்தப் பிரிவினையை ஒழிக்கத்தானே ஒரே டப்பா வாங்கறோம்?"

"அதுக்கில்லீங்கக்கா..."

"உம் பையன் எங்க பையன் இல்லியா? இப்பவே சொல்றேன். பயிற்சி நாள்ல யாரும் கடலை சேர்க்கக் கூடாது. சட்னி, பொடி, உருண்டை, எதுவுமே. ஒரு புள்ளைக்காக எல்லாரும் விட்டுக்குடுப்போம். என்ன சொல்றீங்க?"

"ஆமாங்க, ஆமாங்க!"

உடன் வந்த ராமாயிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "ஊரே உனக்காக வாயைக் கட்டுது. நீ ஒரு பேருக்கு ஒத்தைக்கால்ல நிக்கிறியே கண்ணு!" என்று சுமித்ராவைக் கடிந்துகொண்டாள்.

"மறந்தாப்புல யாராச்சும்..."

"எங்க மேல நம்பிக்கை இல்லியா?" என்றாள் அருணா.

சுமித்ரா தன் மகனின் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தாஹிரா பீவியும் பெயர் வெட்டும் மெஷினை மேசைக்கு அடியில் தள்ளினாள். பெண்கள் பஸ்ஸைப் பிடிக்க விரைந்தனர்.

பர்ஸை விட்டுவிட்டதாகச் சொல்லி, அருணா மட்டும் திரும்பி வந்தாள். வாசலை ஒரு முறை பார்த்தாள். பிறகு தன் மகளுடைய டப்பாவை எடுத்து மேசைமீது கவிழ்த்தாள்.

"பாயம்மா, சத்தமில்லாம இதோட அடியில ஒரு புள்ளி மட்டும் வெட்டிக் குடுங்க. கடலைச் சட்னி இல்லாட்டி எம் பொண்ணுக்கு ஒரு வாய் எறங்காது."