தாயார் பெயர்

ஷோரூமில் புது வண்டிக்கு மாலை போட்டாகிவிட்டது.

முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். தவமணியின் கொழுந்தன் ஏறி உட்கார்ந்து, அதை நசுக்கக் காத்திருந்தான்.

கார்டு மட்டும் மக்கர் செய்தது.

கல்லாவில் இருந்த பெண் இரண்டாம் முறையும் மெஷினில் செருகிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அந்த நேரம் பார்த்துக் கணவனின் போன் அடித்தது. பேங்கிலிருந்து.

அவன் அதை ஸ்பீக்கரில் போட்டு, தவமணியின் வாய்க்கு நேரே பிடித்தான்.

அவளைக் கூட்டி வந்ததே இதற்குத்தான்.

கார்டு அவளுடையது. ஆஸ்பத்திரியில் கண்விழித்து வேலை பார்க்கிற சம்பளம் அதில்தான் விழும். ஆனால் கைக்கு வந்த நாளிலிருந்து அது கிடப்பது அவன் பர்ஸில். பேங்கில் பதிந்திருக்கும் போன் நம்பரும் அவனுடையதே. எல்லாம் இருந்தும் பொம்பளைக் குரல் ஒன்று அவனிடம் இல்லை. போன முறை, வாஷிங் மெஷின் வாங்கியபோது, நாத்தனார் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தாள். கூசாமல் இவளாகவே பேசினாள். பேங்கும் நம்பிவிட்டது.

இந்த முறை நாத்தனார் ஊரில் இல்லை. வேறு வழியில்லாமல் அசலையே அழைத்து வர வேண்டியதாயிற்று.

“தவமணி மேடம்தானே பேசுறது?”

“ஆமா.”

“உங்க கார்டுல பெரிய தொகை ஒண்ணு போகப் பாக்குது மேடம். நீங்கதானான்னு உறுதி பண்ணிக்கத்தான் கூப்பிட்டோம்.”

பிறந்த தேதி கேட்டாள் போன்காரி. இவள் சொன்னாள்.

“உங்க தாயார் பேரு?”

கணவன் முந்திக்கொண்டான். சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தான். ராஜலெட்சுமி.

அது அவன் அம்மாவின் பெயர்.

கணக்குத் தொடங்கியபோது அவன்தான் அப்படிக் கொடுத்தான். கல்யாணத்துக்கு அப்புறம் உனக்கும் அம்மா எங்கம்மாதானே என்றான். அன்றைக்கு அவள் சிரித்துக்கூட வைத்தாள். அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

மாலையிலிருந்து மல்லிகை வாசம் வந்தது.

அவள் அம்மா கட்டிய மாலைகள் எத்தனை வண்டிகளில் ஏறியிருக்கும். நார் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல்கள். அந்த விரல்கள்தான் இவளை நர்சிங் படிக்க வைத்தன. மூட்டுவலியோடு தரையில் படுக்கிறாளே, ஒரு கட்டில் வாங்கிக் கொடுக்கலாம் என்று போன மாதம் இவள் கணவனிடம் கேட்டாள். அடுத்த மாசம் பார்க்கலாம் என்றான்.

அந்த அடுத்த மாசம்தான் இது. மாலை போட்டுக்கொண்டு வண்டியாக நிற்கிறது.

“வெள்ளையம்மா.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

போனில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

“எங்ககிட்ட இருக்கிற பேரோட இது சேரலையே மேடம். இன்னொரு தடவ யோசிச்சுச் சொல்லுங்க. இதுவும் தப்புன்னா கார்டு நின்னுரும். அப்புறம் நீங்கதான் ஆதார் கார்டோட நேர்ல வரணும். வேற யாரையும் அனுப்ப முடியாது.”

கணவன் போனைக் கையால் பொத்தினான்.

“வாய் தவறிருச்சுன்னு சொல்லுடி.”

தப்பாம். பெற்றவள் பெயர் தப்பாம். நாத்தனார் சொன்ன பொய் செல்லும், இவள் சொல்லும் நிஜம் செல்லாது. நன்றாகத்தான் இருக்கிறது நியாயம்.

பயமாகவும் இருந்தது. வீட்டு வாசலில் மாமியார் ஆரத்தித் தட்டோடு நிற்பாள். வெறும் கையோடு போனால் ஒரு வாரத்துக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

நேரில் வர வேண்டும். வேறு யாரும் வர முடியாது.

மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தண்டனை மாதிரியே தெரியவில்லை.

பொத்தியிருந்த அவன் விரல்களை விலக்கிவிட்டுப் போனைத் தன் கைக்கு வாங்கினாள்.

“வெள்ளையம்மா. திண்டுக்கல் பூ மார்க்கெட்ல மாலை கட்டுறவங்க. அவங்கதான் எங்கம்மா.”

கடை முழுக்கக் கேட்டது.

“கார்ட நிறுத்திட்டோம் மேடம். எப்ப வர முடியும்?”

“இப்பவே வரேன்.”

கொழுந்தன் வண்டியை விட்டு இறங்கினான். கணவனின் முகம் கறுத்துவிட்டது. நாலு பேர் பார்க்கிற இடம் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

கல்லாப் பெண் மெஷினிலிருந்து கார்டை உருவினாள். பழக்கதோஷம், அவனிடம் நீட்டினாள். அவனுக்கும் பழக்கதோஷம், கையை நீட்டினான்.

கல்லாப் பெண் கார்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அதில் இருந்த பெயரைப் படித்தாள்.

“தவமணி யாருங்க?”

தவமணி கையை நீட்டினாள்.