நாலு குச்சி இறைச்சி

"காரை நிப்பாட்டு, யசி. எனக்கு அந்தக் குச்சி இறைச்சி வேணும்."

யசீகரனுக்குத் தன் காதிலேயே சந்தேகம் வந்தது. அவர்கள் குடியேறியிருந்த வெளிநாட்டு ஊரான ஒனிஹங்காவின் கடைத்தெரு நடைபாதையோரம் ஒரு சீனப் பெண் தள்ளுவண்டியில் கரியடுப்பு மூட்டி, இறைச்சித் துண்டுகள் குத்திய குச்சிகளைப் புரட்டிப் புரட்டிச் சுட்டுக்கொண்டிருந்தாள். வாசனை காருக்குள் வரை வந்தது.

"ஆருக்கம்மா?"

"எனக்குத்தான். வேற ஆர் இருக்கினம் காருக்குள்ள?"

அவனுடைய அம்மா ரதிதேவி இறைச்சியைத் தொட்டு எத்தனையோ வருசமாகிறது. யுத்தம் முடிந்து முகாமை விட்டு வெளியே வந்த கையோடு நல்லூர்க் கந்தனுக்கு ஏதோ நேர்த்தி வைத்தார். அன்றிலிருந்து முட்டைகூட இல்லை. அதற்கு முதல், ஊரார் கூடி ஆடு அடித்துப் பங்கு இறைச்சி போடுகிற ஞாயிற்றுக்கிழமையில் ஈரலுக்காக விடியவே ஆள் அனுப்பிய மனுசி. என்ன நேர்த்தி என்று யசீகரன் கேட்டதில்லை. அப்போது அவன் சின்னப் பையன். விசா கிடைக்க வேண்டும் என்றுதான் வைத்திருப்பார் என்று அவனாகவே முடிவுகட்டியிருந்தான்.

"விசாவும் வந்து, சிற்றிசனும் ஆயாச்சு. நேர்த்தி எப்பவோ முடிஞ்சுதம்மா. சாப்பிடுங்கோ" என்று கெஞ்சாத நாளில்லை.

"இன்னும் முடியேல்லையடா" என்பார். அதற்குமேல் வாய் திறக்கமாட்டார்.

இந்த வருசம் நிலைமை கெஞ்சலைத் தாண்டிவிட்டது. அம்மாவின் உடம்பில் இரத்தம் இல்லை. இரும்புச்சத்துக் குளிசை வயிற்றைப் பிரட்டுகிறது. போன கிழமை குசினியில் மயங்கி விழுந்துவிட்டார். அம்மாவும் இல்லாமல் போய்விடுவாரோ என்ற பயத்தில் யசீகரனுக்கு நித்திரையே இல்லை. இன்றைக்கும் டாக்டரிடம் போய்த்தான் திரும்புகிறார்கள். இறைச்சி சாப்பிட்டால் உடம்பு தேறும் என்று அவர் வழக்கம்போலச் சொன்னார். அம்மா வழக்கத்துக்கு மாறாக, "ஓம், சாப்பிடுறன்" என்றார். டாக்டருக்காகச் சொல்கிறார் என்று யசீகரன் நினைத்திருந்தான்.

காரை நிறுத்திவிட்டு ஓடினான். மனம் மாறுவதற்குள் வாங்கிவிட வேண்டும்.

"மாடோ எண்டு கேள்" என்றபடி அம்மாவும் பின்னால் வந்தார்.

"ஆடுதானாம்."

சீனப் பெண் மிளகாய்த்தூள் டப்பாவைத் தூக்கிக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள். போடு, போடு என்று அம்மா கையைக் காட்டினார். அவள் சிரித்துக்கொண்டே தாராளமாகத் தூவினாள்.

பஸ் தரிப்பிடத்து வாங்கில் இருவரும் அமர்ந்தார்கள். அம்மா முதல் துண்டைக் கடித்தார். மெதுவாக மென்றார்.

"எப்படியம்மா?"

"நற்சீரகம் போட்டிருக்கிறாள். உப்பும் அளவு." இன்னொரு துண்டை இழுத்துக் கடித்தார். "நல்ல ருசியடா."

யசீகரனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. படம் எடுத்து மனைவி லக்ஷிகாவுக்கு அனுப்பினான். 'உண்மையாவோ?' என்று உடனே பதில் வந்தது.

"சால்வையைப் போர்த்துங்கோ, குளிருது. காலமை ஏன் தலை முழுகினனீங்கள்? இண்டைக்கு வெள்ளியும் இல்லை."

"முழுகவேணும்போல இருந்தது" என்றார் அம்மா. "இந்தக் கொழுப்புத் துண்டு பார்த்திக்கு எண்டால் உயிர். உனக்கும் தரமாட்டான்."

பார்த்தி என்பது யசீகரனின் அண்ணன் பார்த்தீபன். யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். எங்கேயோ இருக்கிறான் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் கோயிலில் அர்ச்சனைக்கு முதலில் சொல்வது அவனுடைய பேரும் நட்சத்திரமும்தான்.

மூன்று குச்சி முடிந்தது. நாலாவதை எடுக்கும்போது யசீகரன் மெல்லக் கேட்டான்.

"அப்ப, நேர்த்தி முடிஞ்சுதோ?"

"ஓம். முடிஞ்சுது."

"என்ன நேர்த்தியம்மா அது? இப்பவாவது சொல்லுங்கோவன்."

"பார்த்தியைப் பற்றி நிச்சயமா ஒரு சேதி வருமட்டும் மச்சம் மாமிசம் வாயில வைக்கமாட்டன் எண்டு."

யசீகரன் எழும்பியே விட்டான். காலையில் பிரான்சிலிருந்து அம்மாவுக்கு ஒரு போன் கோல் வந்திருந்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் கதைத்தார். யாரென்று கேட்டதற்கு, தெரிந்த ஆள் என்றார். அதெல்லாம் இப்போதுதான் அவனுக்கு ஓடி விளங்கியது.

"அண்ணா பிரான்சிலயோ? அவரே கதைச்சவர்?" போனை வெளியே எடுத்தான். "இவ்வளவு நேரமும் ஏனம்மா சொல்லேல்லை? நம்பர் தாங்கோ, நான் இப்பவே எடுக்கிறன்."

அம்மா அவனுடைய கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். கடைசிக் குச்சியை அவன் கையில் வைத்தார்.

"நீயும் சாப்பிடு, அப்பன். இருக்கிற பிள்ளைக்காவது நான் இருக்கவேணும். அதுதான் வாங்கித் தரச் சொன்னனான்."

"அம்மா, அண்ணா எங்க?"

"கதைச்சது, அவனைத் தன்ர கையால மண்ணுக்குள்ள தாட்ட பெடியன். வாற வெள்ளி அர்ச்சனைக்கு அண்ணன்ர பேரைச் சொல்லாத, ராசா. ஐயரிட்டத் திவசத்துக்கு நாள் கேள்."