சாவடி வரை வந்தவன்
இந்திய வம்சாவளியினர் பங்கேற்ற ஆட்சியைக் கவிழ்த்த ராணுவம், தீவின் தலைநகர் சுவாவின் கடற்கரைச் சாலையை டிரம்களால் மறித்துச் சாவடி போட்டிருக்கிறது. ஊரடங்கு முடிந்த காலையில், பல்கலைக்கழக அணியின் வெளுத்த பனியனோடு குஷால் ஓடி வருகிறான். துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் கைகாட்டி நிறுத்துகிறான். வைசாலே. அதே அணியில் மூன்று வருடம் நெடுந்தூர ஓட்டங்களில் குஷாலுக்குப் பின்னாலேயே வந்தவன். "நாளைக்கு ஆக்லாந்து போறியாமே?" "குடும்பத்தோட. அம்மாவுக்கு இங்க தூக்கமே வர்றதில்லை." வைசாலே ஈரமான தார்ச் சாலையையே பார்க்கிறான். பிறகு துப்பாக்கியைப் பக்கத்துச் சிப்பாயிடம் கொடுத்துவிட்டு, கனத்த பூட்ஸோடு குஷாலுடன் ஓடத் தொடங்குகிறான். குஷால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறான். அலைச் சத்தத்துக்கு மேல் பூட்ஸ் சத்தம் கேட்கிறது. அடுத்த சாவடி தெரிந்ததும் வைசாலே நின்றுவிடுகிறான். "நீ போ," என்கிறான் மூச்சு வாங்க. அவன் மூச்சு அடங்கும்வரை குஷால் பக்கத்திலேயே நிற்கிறான்.