இப்போ?

சிட்னி திரைப்பட விழாவில், முன்வரிசையில் இருந்த மனைவி "இப்போ?" என்று கேட்கும்போதெல்லாம், கணவர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு அவர் காதில் ஏதோ கிசுகிசுத்தார். அடுத்த வரிசையில் இருந்த தாட்சாயினிக்குப் பொறுக்கவில்லை.

"அங்கிள், கதையை அன்ரிக்கு வீட்டை போய்ச் சொல்லுங்கோ. நாங்கள் படம் பாக்கவேணும்!"

"மன்னிச்சுக்கோம்மா."

மறுபடியும் கிசுகிசுத்தார்.

படம் முடிந்தது. "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் எழுத்தாளர், இயக்குநர் புஷ்பவல்லி!" என்று அழைத்தார்கள். அந்த அன்ரி எழுந்து, கணவரின் கையைப் பற்றி, படிகளைக் காலால் தடவி மேடையேறினார்.

"பார்வை போனப்புறம் நான் எடுத்த முதல் படம் இது. காட்சியெல்லாம் எனக்கு மனப்பாடம். உங்களுக்குப் பிடிக்குமோன்னுதான் பயம். அதனால உங்க முகங்களைத்தான் இவர் சொல்லிட்டு வந்தார். கடைசியில, 'நம்மைத் திட்டின பொண்ணே அழறா வல்லி'ன்னார். அப்பதான் எனக்கு மூச்சே வந்தது."